எந்த கிராஃபிக்ஸ் கார்டு ஜெயிக்கும் என்பதை உங்கள் மதர்போர்டுதான் சொல்லும்

புதிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று வந்ததும் வெளியாகும் ஒப்பீட்டுப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான கணினியில் எடுக்கப்பட்டவை. அப்போது கிடைப்பதிலேயே வேகமான ப்ராசஸர், புதிய தலைமுறை ஸ்லாட் உள்ள போர்டு, வேகமான டிடிஆர்5 மெமரி. கார்டை மட்டும் தனியாக அளந்து பார்க்க அதுதான் சரியான வழி. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு படி கீழே இருக்கும் கார்டு, ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான ஐந்தாறு வருடப் பழைய பி450 போர்டில் மேலே இருப்பதை முந்திவிடலாம். என்விடியாவா, ஏஎம்டியா, இன்டெலா என்று கேட்பதற்கு முன்னால், எந்த ப்ராசஸரோடு, எந்த போர்டில் என்று கேட்டாக வேண்டும்.

முதலில் ப்ராசஸர். அது ஒரு போர்டில் வேலை செய்ய சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்), சிப்செட் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்), பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் போர்டின் நிரல்) மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சாக்கெட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட் நல்ல உதாரணம். 2015-இல் வந்த 6-ஆம் தலைமுறை, 2017 தொடக்கத்தில் வந்த 7-ஆம் தலைமுறை இரண்டும் 100, 200 வரிசை சிப்செட்டுகளில் ஓடும். அதே 2017 அக்டோபரில் ஐ7-8700கே வந்தபோது சாக்கெட்டின் பெயர் மாறவில்லை, பின்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. மின்சாரம் போகும் பின்களின் ஒதுக்கீடு மட்டும் மாறியது. அதனால் 8, 9-ஆம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டுதான் வேண்டும். இசட்270 போர்டில் வைத்தால் அழகாக உட்காரும், ஆனால் ஓடாது. அடுத்து வந்த எல்ஜிஏ 1200-இல் வேறொரு சிக்கல். 11-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் இசட்490-இல் ஏற்கப்படும். எச்410, பி460 சிப்செட்டுகளில் ஏற்கப்படாது. இதே சாக்கெட்டில் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. 10-ஆம் தலைமுறை ப்ராசஸரிடமிருந்து வருவது 16 லேன் (கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றுக்குத் தரவு போகும் பாதை), 11-ஆம் தலைமுறையிடமிருந்து 20. பி560 போர்டில் 10-ஆம் தலைமுறையைப் போட்டால் ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும், எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் பல போர்டுகளில் செத்துக் கிடக்கும், கிராஃபிக்ஸ் ஸ்லாட்டும் பிசிஐஇ (கார்டையும் ப்ராசஸரையும் இணைக்கும் வழி) 3.0 வேகத்துக்கு இறங்கிவிடும். எஸ்எஸ்டி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புவதற்கு முன் இதைப் பாருங்கள்.

எல்ஜிஏ 1700 இந்த விஷயத்தில் தாராளம். 12, 13, 14 மூன்று தலைமுறைகளும் 600, 700 வரிசை போர்டுகள் எல்லாவற்றிலும் ஓடும், பயாஸ் புதிதாக இருந்தால். மெமரி டிடிஆர்4-ஆ டிடிஆர்5-ஆ என்பதை இங்கே போர்டு தீர்மானிக்கிறது. ப்ராசஸர் இரண்டையும் ஏற்கும். 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையோடு வந்த எல்ஜிஏ 1851-இல் டிடிஆர்5 மட்டுமே. கூலர் விஷயம்: எல்ஜிஏ 1200 வரை துளைகளுக்கு இடையே 75 மி.மீ., எல்ஜிஏ 1700-இலும் 1851-இலும் 78 மி.மீ. பழைய கூலரை எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் அதன் தயாரிப்பாளரிடம் 1700-க்கான மாட்டும் கிட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இழுத்துப் பிடித்து முடுக்கினால் ப்ராசஸர் மேல் அழுத்தம் சீராக விழாது, ஒரு பக்கம் மட்டும் சூடேறும்.

13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸரைப் பழையதாக வாங்குவோர் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். அதிக வோல்டேஜ் கேட்பதால் அவை நாளடைவில் நிலையிழப்பதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, திருத்திய மைக்ரோகோடுகளை (பயாஸோடு வரும், ப்ராசஸரின் உள் நிரல்) வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. புதிய பயாஸ் இனி வரும் தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. இந்தக் கோளாறு பல நேரம் கிராஃபிக்ஸ் கார்டின் கோளாறு போலவே முகம் காட்டும்: கேம் தன் ஷேடர்களை (காட்சியை வரையக் கார்டில் ஓடும் சிறு நிரல்கள்) தொகுக்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று செய்தி வந்து நின்றுவிடும். கார்டில் 16 ஜிபி இருக்கும்போது இந்தச் செய்தி வந்தால் சந்தேகப்பட வேண்டியது ப்ராசஸரை.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டின் கதை வேறு மாதிரி. 2017-இன் ரைசன் 1000 முதல் 2022-இன் 5800எக்ஸ்3டி வரையிலும், அதற்குப் பிறகும்கூட, 1331 பின்கள் கொண்ட ஒரே சாக்கெட். இவ்வளவு நீண்ட ஆயுள் டெஸ்க்டாப்பில் அபூர்வம். அதற்கு ஒரு விலை உண்டு: பழைய போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப் 16 எம்பி மட்டுமே. எல்லாத் தலைமுறைக்குமான நிரலை அதில் அடைக்க முடியாமல், புதியதைச் சேர்க்கும்போது மிகப் பழையதைச் சில தயாரிப்பாளர்கள் எடுத்துவிட்டார்கள். 300 வரிசை போர்டுகளுக்கு ரைசன் 5000 ஆதரவு 2022-இல்தான் முறைப்படி வந்தது. எதிர்த்திசையிலும் தடை உண்டு. பி550 போர்டு ரைசன் 1000, 2000 வரிசைகளை முறைப்படி ஏற்பதில்லை. "ஏஎம்4 என்றால் ஏஎம்4" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போர்டு தயாரிப்பாளரின் பக்கத்தில் ப்ராசஸர் ஆதரவுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு ப்ராசஸருக்கும் எதிரே குறைந்தபட்ச பயாஸ் பதிப்பு எழுதியிருக்கும். போர்டின் ரிவிஷன் எண் மாறினால் பட்டியலும் மாறலாம். அந்த எண் போர்டின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். இப்போது என்ன பயாஸ் இருக்கிறது என்பதை விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திரையில் பார்க்கலாம்.

மாற்றும் வரிசை முக்கியம். பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியை வேறு இடத்தில் சேமிக்க வேண்டும். ரைசன் கணினிகளில், அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் ப்ராசஸரோடு சேர்ந்தது என்பதால், புதிய ப்ராசஸரோடு முதல் முறை இயக்கும்போது எஃப்டிபிஎம்-ஐ (ப்ராசஸருக்குள் உள்ள அந்த டிபிஎம்) மீட்டமைக்கவா என்று திரை கேட்கும். சாவி கையில் இல்லாமல் ஆம் என்று அழுத்தினால், பூட்டிய டிஸ்க்கைத் திறக்க வழியே இருக்காது.

பழைய ப்ராசஸர் கையில் இல்லாதவர்களுக்கு பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் (ப்ராசஸர் இல்லாமலேயே பயாஸைப் புதுப்பிப்பது) உள்ள போர்டுதான் கதி. பென்டிரைவை ஃபேட்32 வடிவில் ஃபார்மேட் செய்யவும். தயாரிப்பாளர் சொல்லும் பெயரைக் கோப்புக்கு வைக்க வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் போர்டு அதைக் கண்டுகொள்ளாது. 24 பின் கேபிளும் ப்ராசஸருக்கான 8 பின் கேபிளும் மாட்டியிருக்க வேண்டும். பின்பக்கம் குறியிட்ட யூஎஸ்பி துளையில் பென்டிரைவைச் செருகி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் விளக்கு மின்னத் தொடங்கும். மின்னுவது தானாக நிற்கும் வரை, சில நிமிடங்கள், தொடவே கூடாது. தொடங்கிய வேகத்தில் விளக்கு அணைந்துவிட்டாலோ, மின்னாமல் நிலையாக எரிந்தாலோ பெரும்பாலும் கோப்பின் பெயர் அல்லது பென்டிரைவ் ஃபார்மேட்தான் காரணம்.

ஏஎம்4-இல் கூலரைக் கழற்றுவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பின்கள் ப்ராசஸரின் அடியில். காய்ந்த தெர்மல் பேஸ்ட் ப்ராசஸரைக் கூலரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். நேராக மேலே இழுத்தால், பூட்டு போட்டிருந்தாலும் ப்ராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். கணினியைக் கொஞ்ச நேரம் வேலை வாங்கி, பேஸ்ட் சூடாகி இளகிய பிறகு அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி விடுவித்த பிறகே தூக்க வேண்டும்.

2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5-இல் பின்கள் போர்டுக்குப் போய்விட்டன. 1718 தொடுமுனைகள், டிடிஆர்5 மட்டும். முதல் முறை இயக்கும்போது மெமரியைப் பழக்கிக்கொள்ள அது பல நிமிடம் எடுக்கலாம். திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மெமரி இரண்டு குச்சிகளாகவே இருக்கட்டும். ரைசன் 7000-க்கு இரண்டு குச்சியில் 5200 என்று இருக்கும் அதிகாரபூர்வ வேகம், நான்கு குச்சி போட்டால் 3600-க்கு இறங்குகிறது. பின்னால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுவது ஏஎம்5-இல் நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை.

இனி லேன்கள். ப்ராசஸர் பொருத்தமும் கார்டுகளின் போட்டியும் சந்திக்கும் இடம் இதுதான், விமர்சனங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். பிசிஐஇ 3.0-இல் ஒரு லேன் விநாடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி கடத்தும். 4.0-இல் அது 2 ஜிபி, 5.0-இல் 4 ஜிபி. 16 லேன் ஸ்லாட் என்றால் 3.0-இலேயே 16 ஜிபி. பெரும்பாலான கார்டுகளுக்கு அது தாராளம். சிக்கல் எங்கே என்றால், நடுத்தரக் கார்டுகளில் பல 16 லேன் அகலத்தில் உட்கார்ந்தாலும் உள்ளே 8 லேன்களுக்கு மட்டுமே இணைப்பு உள்ளவை. ஆர்டிஎக்ஸ் 4060, 5060, 5060 டிஐ, ஆர்எக்ஸ் 6600, 7600, இன்டெல் ஆர்க் பி580 எல்லாம் 8 லேன். 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன். பிசிஐஇ 3.0 போர்டில் அதற்குக் கிடைப்பது 4 ஜிபி வேகம். கார்டின் மெமரியும் 4 ஜிபிதான்.

கார்டின் சொந்த மெமரிக்குள் கேம் அடங்கும் வரை லேன் குறைவு பெரிதாகத் தெரியாது. அடங்காதபோது, மிச்சமுள்ள டெக்ஸ்ச்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) கணினியின் பொது மெமரிக்குப் போய், ஒவ்வொரு முறையும் பிசிஐஇ வழியாகவே வர வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060 தன் சொந்த மெமரியை விநாடிக்கு 272 ஜிபி வேகத்தில் படிக்கிறது. 3.0 போர்டில் அதன் பிசிஐஇ வழி 8 ஜிபி. இந்த இடைவெளிதான் திடீர்த் திணறலாகத் திரையில் தெரிகிறது. விநாடிக்கு வரும் சராசரி ஃபிரேம் (படம்) எண்ணிக்கை நன்றாகவே இருக்கும். திரும்பிப் பார்க்கும்போதும், புதிய இடத்துக்குள் நுழையும்போதும் காட்சி இடறும். அதனால் 3.0 போர்டு வைத்திருப்பவர்களுக்கு 8 ஜிபி மெமரியும் 8 லேனும் சேர்ந்த கார்டு மோசமான கூட்டணி. அவர்களுக்கு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியையே சிபாரிசு செய்வேன்: முழு 16 லேன், 16 ஜிபி மெமரி. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-தான் வேண்டும் என்றால் அதன் 16 ஜிபி வடிவத்தை வாங்குங்கள். 8 ஜிபி வடிவத்தை 3.0 போர்டில் போடாதீர்கள்.

போர்டு 4.0 ஆக இருந்தால் மட்டும் போதாது, ப்ராசஸரும் அந்த வேகத்தைத் தர வேண்டும். இங்கே ஏஎம்டியின் பெயர்கள் நன்றாகவே குழப்புகின்றன. ரைசன் 5 5600, ரைசன் 5 5500 இரண்டும் ஆறு கோர்; எண்ணில் நூறுதான் வித்தியாசம். ஆனால் 5600-இல் 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேக மெமரி), பிசிஐஇ 4.0. 5500 லேப்டாப் வழி வந்த வேறு சிப்: 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0. 5700-க்கும் 5700எக்ஸ்-க்கும் இடையே அதே வேறுபாடு. ஓர் எழுத்தில் கேஷ் பாதியாகிறது, ஸ்லாட்டின் வேகமும் பாதியாகிறது. ஏஎம்5-இல் 8500ஜி கிராஃபிக்ஸ் கார்டுக்கு 4 லேன் மட்டுமே தரும், 8600ஜி 8 லேன் தரும். தனியாகக் கார்டு போடும் எண்ணம் இருந்தால் 8500ஜி வேண்டாம்.

கார்டுகளின் பெயரிலும் இதே கண்கட்டு வித்தை. ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வடிவத்தில் 1152 கோர், 6 ஜிபியில் 1280. ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வடிவம் 8 ஜிபியைவிடக் கோர்களிலும் குறைந்தது. பெட்டியில் உள்ள பெயரை விட்டுவிட்டு, கோர் எண்ணிக்கை, மெமரி அளவு, பஸ் அகலம் (மெமரிக்கான பாதையின் அகலம்), லேன் நான்கையும் பார்த்து வாங்குங்கள். மாட்டிய பிறகு ஜிபியூ-இசட் மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் வரியைப் பாருங்கள். கணினி சும்மா இருக்கும்போது அது 1.1 என்று காட்டுவது இயல்பு, மின்சாரம் மிச்சப்படுத்த இறங்கியிருக்கும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தி சோதனையை ஓட விட்டால் உண்மையான வேகம் தெரியும்.

மூன்று நிறுவனங்களின் போட்டிக்கு வருவோம். 2000-இல் 3டிஎஃப்எக்ஸ்-இன் சொத்துகளை என்விடியா வாங்கியது, 2006-இல் ஏடிஐ-யை ஏஎம்டி வாங்கியது. அதன்பின் நெடுங்காலம் இருமுனைப் போட்டிதான். 2022-இல் ஆர்க் ஏ770, ஏ750 கார்டுகளோடு இன்டெல் இறங்கியது. 2024 டிசம்பரில் 12 ஜிபி மெமரியோடு வந்த பி580 அதன் முதல் உண்மையான சவால். மேல்தட்டில் போட்டி இல்லை. 32 ஜிபி, 575 வாட் கொண்ட ஆர்டிஎக்ஸ் 5090-க்கு எதிராக ஏஎம்டி எதையும் நிறுத்தவில்லை. 2025-இன் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ இருக்கும் தட்டைக் குறிவைத்தது. உண்மையான மோதல் நடுத்தட்டில்தான், அங்கேதான் பழைய ப்ராசஸர் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு முக்கியமானது டிரைவரின் (கார்டை இயக்கும் மென்பொருள்) சுமை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கார்டுக்கு வேலையை எடுத்துக் கொடுப்பது ப்ராசஸர். அந்த எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் டிரைவரும் வேறு வேறு அளவில் ப்ராசஸரைத் தின்கிறது. 2025 தொடக்கத்தில் பி580-ஐப் பழைய ப்ராசஸர்களோடு சோதித்தபோது, உயர்ந்த ப்ராசஸரில் ஆர்டிஎக்ஸ் 4060-ஐ முந்திய அதே கார்டு, ரைசன் 5 2600 போன்றவற்றில் பல கேம்களில் பின்தங்கியது. அதுவும் போதாதென்று, ஆர்க் கார்டுகளுக்கு ரீசைஸபிள் பார் (கார்டின் முழு மெமரியையும் ப்ராசஸர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) இயங்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் வேகம் கடுமையாக விழும். இன்டெலே 10-ஆம் தலைமுறைக்கும் ரைசன் 3000-க்கும் கீழே பரிந்துரைப்பதில்லை. குறைந்த செலவில் பழைய கணினிக்கு உயிர் கொடுக்க நினைப்பவர்தான் பி580-ஐ முதலில் பார்ப்பார், அவருக்குத்தான் அது பொருந்தாது. டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் மெதுவான ப்ராசஸரோடு என்விடியா டிரைவருக்கும் கொஞ்சம் சுமை உண்டு; இந்த நிலையில் ஏஎம்டியின் ரேடியான் பொதுவாகத் தாக்குப்பிடிக்கிறது.

ரீசைஸபிள் பாரை இயக்க வரிசை தவறக் கூடாது. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோட் என்ற வரி லெகசி என்று காட்டினால், டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கிறது. முக்கியமான கோப்புகளை நகலெடுத்துவிட்டு, விண்டோஸுடன் வரும், டிஸ்க்கைப் புதிய ஜிபிடி வடிவுக்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் வேலிடேட் நிலையிலும், பிழை இல்லையென்றால் கன்வர்ட் நிலையிலும் ஓட்ட வேண்டும். பிறகுதான் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய முறையில் தொடங்க விடும் வசதி) அணைத்து, அபவ் 4ஜி டீகோடிங், ரீசைஸ் பார் இரண்டையும் இயக்க வேண்டும். டிஸ்க்கை மாற்றாமல் சிஎஸ்எம்-ஐ அணைத்தால் விண்டோஸ் ஏறாது. மறுபடி சிஎஸ்எம்-ஐ இயக்கினால் பழைய நிலைக்கு வந்துவிடும், தரவு எதுவும் போகாது. யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய முறை) ஆதரவு இல்லாத மிகப் பழைய கார்டு மாட்டியிருந்தால் திரையே வராமல் போகலாம். அப்போது சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமிக்கப்பட்ட இடம்) அழிப்பதே வழி.

சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கும் நுட்பங்களான என்விடியாவின் டிஎல்எஸ்எஸ், ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர், இன்டெலின் எக்ஸ்இஎஸ்எஸ் மூன்றும் இன்று போட்டியின் பெரிய பகுதி. படத்தின் தெளிவில் என்விடியா நீண்டகாலம் முன்னணியில் இருந்தது. 2025-இல் ஆர்எக்ஸ் 9000 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4 அந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்தது. ஆனால் இவை கார்டின் சுமையைத்தான் குறைக்கின்றன. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவதால் கார்டு சீக்கிரம் வேலையை முடிக்கும், அடுத்த ஃபிரேமுக்கு ப்ராசஸரை எதிர்பார்த்து நிற்கும். ப்ராசஸர் ஏற்கெனவே திணறினால் டிஎல்எஸ்எஸ் போட்டாலும் ஃபிரேம் எண்ணிக்கை அசையாது. இடையில் செயற்கை ஃபிரேம்களைச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் எண்ணைக் கூட்டிக் காட்டும். மவுஸை அசைத்துத் திரையில் தெரியும் வரையிலான தாமதம் அதனால் குறையாது.

தடை எங்கே என்று கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. ஒரே காட்சியில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை மட்டும் 1440-லிருந்து 1080-க்கும், அதிலிருந்து 720-க்கும் இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறினால் கார்டுதான் தடை. ஏறாமல் அதே இடத்தில் நின்றால் ப்ராசஸர். புதிய கார்டு வாங்கிப் பயனில்லை. டாஸ்க் மேனேஜர் ப்ராசஸர் 40 சதவீதம் என்று காட்டுவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரே ஒரு கோர் முழுதாகத் திணறி, மற்றவை சும்மா இருந்தாலும் சராசரி குறைவாகவே தெரியும்.

ரைசன் 5 2600-உம் பி450 போர்டும் வைத்திருக்கும் ஒருவர் முதலில் பயாஸைப் புதுப்பித்து 5600 அல்லது 5700எக்ஸ்-க்கு மாறி, பிறகு கார்டைத் தேடலாம் என்பதே என் கருத்து. போர்டு, மெமரி, பெரும்பாலும் கூலரும் அப்படியே இருக்கும். பி450-இல் ஸ்லாட் 3.0 ஆகவே நீடிக்கும் என்பதால், கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது லேனும் மெமரியும் மறுபடி நினைவுக்கு வர வேண்டும்.

மின்சாரத்தில் கணக்கு நேரடியானது: ஸ்லாட் 75 வாட், 6 பின் 75, 8 பின் 150, 16 பின் அதிகபட்சம் 600. 16 பின் இணைப்பை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாகச் செருக வேண்டும். தலையை ஒட்டியே கேபிளை வளைத்தால் தொடுமுனைகளில் சில மட்டும் சுமையைத் தாங்கி உருகிவிடலாம். வேறு பவர் சப்ளையின் மாடுலர் கேபிளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். சப்ளை பக்கத்தில் பின்களின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது, செருக முடிந்தாலும் தவறான இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க்கிலிருந்து போர்டு வரை எரியலாம்.

நிறுவனம் மாறுகிறீர்கள் என்றால் பழைய டிரைவரை டிடியூ கருவியால் சேஃப் மோடில் நீக்கிய பிறகே கார்டைக் கழற்றுங்கள். அப்போது இணையத்தைத் துண்டித்து வையுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் தானே ஒரு டிரைவரை இடையில் போட்டுவிடும். புதிய கார்டை மாட்டியதும் மானிட்டர் கேபிளை போர்டின் துளையில் செருகாமல் கார்டின் துளையில் செருகுங்கள். ரைசர் கேபிள் (ஸ்லாட்டிலிருந்து கார்டைத் தள்ளி வைக்கும் நீட்டிப்பு) வழியாக மாட்டித் திரை கறுப்பாகவே இருந்தால், பயாஸில் ஸ்லாட்டின் வேகத்தை ஆட்டோவிலிருந்து ஜென் 3-க்கு (பிசிஐஇ 3.0) மாற்றிப் பாருங்கள், 3.0-க்காகச் செய்த ரைசர் கேபிள்கள் பல நேரம் 4.0 சிக்னலைத் தாங்குவதில்லை.